பாடாத நாயும் பெயரில்லாப் பாடகரும்

சென்ற ஆண்டு நம் கல்லூரி நாள் விழாவை முன்னிட்டு ஒட்டப்பட்ட சுவரொட்டியை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒரு யானை, துதிக்கையால் கிட்டாரைத் தாங்கி நின்றது. அதன் கீழே ‘பேசின் பாபு’ என்று கொட்டை எழுத்தில் பெயர். “யானைக்கவுனிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம். நம் இசைக்குழுவுக்கு யானையை விட்டால் வேறு எந்த விலங்கு பொருந்தும்?” என்று வரைந்த நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லோரும் சிரித்தோம், எல்லோரும் பாராட்டினோம்.

விழா முடிந்த மறுநாள் மாலை, பேசின் பிரிட்ஜ் நிலையத்தில் மின்சார ரயிலுக்காகக் காத்திருந்தோம். சென்ட்ரலுக்குள் நுழைய வழி கிடைக்காத விரைவு வண்டியொன்று வழக்கம்போல் சிக்னலுக்காகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. அப்போது, மேடையில் சட்டி வாசித்த நண்பர் மெல்லச் சொன்னார்: “யானைக்குப் பேரு வெச்சிக்கிறாங்க மச்சான். அடிச்சவனுக்குத்தான் பேரு இல்ல.”

உண்மைதான். பாடிய மூவரின் பெயரும், தாளம் போட்ட இருவரின் பெயரும் சுவரொட்டியில் இல்லை, அழைப்பிதழிலும் இல்லை. யாரும் வேண்டுமென்று செய்த தவறு அன்று அது. ஆயினும் அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. இசைக்குழுவுக்கு ஒரு விலங்குச் சின்னம் எதற்கு? அது வந்து நிற்கும்போது மனிதர்கள் எங்கே போகிறார்கள்? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் புறப்பட்டபோது, அமெரிக்கப் படக்கதை ஒன்றின் சடை நாய் எனக்கு வழிகாட்டியது. அந்த நாயின் கதையை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சின்னம் என்றால் என்ன?

ஒரு கூட்டத்தார் தம்மை அடையாளம் காட்ட விலங்கையோ பறவையையோ முன்னிறுத்துவது தமிழர்க்குப் புதிதன்று. சோழர்க்குப் புலி, பாண்டியர்க்கு மீன், முருகன் கொடியிலே சேவல். ஆனால், கொடியிலுள்ள புலிக்கும் இக்காலத்தார் ‘மாஸ்காட்’ என்றழைக்கும் சின்னத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கொடிப்புலி அச்சுறுத்தும், மாஸ்காட் கொஞ்சும். முன்னது ஆட்சியின் முத்திரை. பின்னது கூட்டத்தின் செல்லப்பிள்ளை.

‘மாஸ்காட்’ என்னும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. 1880-ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் எட்மண்ட் ஆத்ரான் என்பவர் இசையமைத்த ‘லா மாஸ்கோத்’ என்னும் இசை நாடகம் அரங்கேறியது. தான் இருக்கும் வீட்டுக்கெல்லாம் நற்பேறு கொண்டுவரும் ஒரு நாட்டுப்புறப் பெண்ணின் கதை அது. அந்நாடகத்தின் வெற்றியால் அச்சொல் உலகெங்கும் பரவிற்று. ‘நற்பேறு தருவது’ என்ற பொருள் நாளடைவில் ‘அடையாளமாய் நிற்பது’ என்று மாறிற்று.

நம் நாட்டில் இதற்கு எடுத்துக்காட்டுகள் பல. 1982-இல் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு ‘அப்பு’ என்னும் யானைக்குட்டி. இந்திய இரயில்வேயின் நூற்றைம்பதாம் ஆண்டை ஒட்டி 2002-இல் பிறந்தது, பச்சை விளக்கு ஏந்திய ‘போலு’ என்னும் யானைக் கார்டு. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடுக்கு, வேட்டி சட்டை அணிந்து கைகூப்பி நின்ற குதிரை ‘தம்பி’. இவை மூன்றும் விளையாட்டுக்கும் நிறுவனத்துக்கும் உரியவை. பாட்டுக் கச்சேரிக்கு என்று ஒரு விலங்கு? அதற்குத்தான் நாம் ஆர்ச்சியின் ஊருக்குப் போகவேண்டும்.

ஆர்ச்சியின் குழுவும் அதன் நாயும்

ஆர்ச்சி என்னும் செம்பட்டைத் தலைப் பையன் 1941-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் படக்கதை இதழ் ஒன்றில் பிறந்தவன். ரிவர்டேல் என்னும் கற்பனை ஊரில் உயர்நிலைப் பள்ளி மாணவன். அவனுக்கு ஜக்ஹெட் என்னும் சாப்பாட்டு ராமன் தோழன். ரெஜி என்னும் போட்டிக்காரன். பெட்டி, வெரோனிகா என்னும் இரு தோழியர். 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களைக் கேட்டால், அத்தகைய கடைகளில் ஆர்ச்சி புத்தகங்களைப் புரட்டிய கதையைச் சொல்லக்கூடும்.

1968 செப்டம்பர் 14 அன்று இந்தப் பாத்திரங்கள் தொலைக்காட்சிக்கு வந்தன. ‘ஃபில்மேஷன்’ நிறுவனம் தயாரித்த கார்ட்டூன் தொடர், சனிக்கிழமை காலைகளில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஓடியது. அதில் ஐந்து நண்பர்களும் ‘தி ஆர்ச்சீஸ்’ என்று ஒரு ராக் இசைக்குழு அமைத்தனர். ஆர்ச்சிக்குக் கிட்டார், ரெஜிக்கு பேஸ் கிட்டார், ஜக்ஹெட்டுக்கு டிரம்ஸ், வெரோனிகாவுக்கு ஆர்கன், பெட்டிக்குத் தாம்பூரின் என்னும் சலங்கை வளையம். இவர்களோடு மேடையிலே தோன்றியது ‘ஹாட் டாக்’ என்னும் சடை நாய். அதற்கு வாத்தியம் கிடையாது, பாட்டும் கிடையாது. குழுவின் சின்னமாக அது உடன் நின்றது. சிலவேளை நட்டுவனார்போல் குழுவை நடத்தவும் செய்தது.

‘ஹாட் டாக்’ என்பது ரொட்டிக்குள் இறைச்சி வைத்து விற்கும் ஒரு தின்பண்டத்தின் பெயர். சாப்பாட்டு ராமனுடைய நாய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? படக்கதையில் அந்த நாய் வாய்விட்டுப் பேசாது. அது நினைப்பதெல்லாம் தலைக்கு மேலே மேகம் போன்ற வட்டத்துக்குள் அச்சாகும். மனிதர் பேசும் அபத்தங்களை அது மனத்துக்குள் விமரிசனம் செய்யும். வாசகன் அதைப் படிப்பான்; கதைமாந்தர் அறியமாட்டார்.

நாய் எதற்கு?

கதையின் கட்டமைப்பைக் கருதினால் இந்த நாய்க்கு மூன்று வேலைகள் இருப்பது புலப்படும்.

முதலாவது, ஒற்றுமை காப்பது. ஆர்ச்சிக்கும் ரெஜிக்கும் ஓயாத சண்டை. பெட்டிக்கும் வெரோனிகாவுக்கும் ஓயாத போட்டி. இப்படிப்பட்டவர்கள் ஒரே மேடையில் நின்று பாடுகிறார்கள் என்றால் வாசகன் நம்பவேண்டுமே! ஐவருக்கும் பொதுவான ஒன்று தேவை. நாய் எந்தக் கட்சியும் சேராது. எல்லோரும் அதைத் தடவிக்கொடுப்பார்கள்.

இரண்டாவது, கேட்பவனின் இடத்தில் நிற்பது. மேடையில் எல்லோரும் வாசித்தால், வாசிக்கத் தெரியாத நமக்கு அங்கே யார்? நாய்தான். தாளத்துக்கு வாலாட்டியும் காதைப் பொத்தியும், நாம் செய்வதை நமக்காக அது மேடையிலேயே செய்துவிடுகிறது. நம் தெருக்களில் வரும் பூம்பூம் மாட்டை எண்ணிப் பாருங்கள். உறுமியும் நாயனமும் மனிதர் கையில். வண்ணத் துணி போர்த்திய மாட்டுக்கோ தலையாட்டுவதே தொழில். ஆயினும் குழந்தைகள் ஓடிவருவது மாட்டைப் பார்க்கத்தான். ‘பூம்பூம் மாட்டுக்காரர்’ என்று மாட்டின் பெயரால்தான் அந்தக் கலைஞரையும் அழைக்கிறோம். உறுமியை அத்தனை நயமாக வாசித்தவரின் சொந்தப் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

மூன்றாவது வேலை வியாபாரம். நாய்க்கு வயதாகாது, சம்பள உயர்வு கேட்காது, பொம்மையாகவும் அட்டையாகவும் எத்தனை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

இந்த நாயின் செல்வாக்குக்கு ஒரு சுவையான சான்று உண்டு. ஆர்ச்சி தொடரின் வெற்றியைக் கண்ட தொலைக்காட்சி நிருவாகி ஃபிரெட் சில்வர்மன், அதே பாணியில் மற்றொரு தொடர் வேண்டுமென்று ஹன்னா-பார்பெரா நிறுவனத்தாரைக் கேட்டார். ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் என்னும் எழுத்தாளர்கள் முதலில் வகுத்த திட்டத்தில், ஐந்து இளைஞர் கொண்ட ஓர் இசைக்குழு இருந்தது. கச்சேரி இல்லாத வேளையில் பேய் வீடுகளின் மர்மத்தைத் துப்பறிவார்கள். அவர்களோடு போங்கோ வாசிக்கும் ஒரு நாய். அதைச் சடை நாயாக வரைந்தால் ஹாட் டாகைப் போல இருக்கிறது என்று சொல்வார்களே என அஞ்சி, ‘கிரேட் டேன்’ இனத்து நாயாக மாற்றினார்கள். பிறகு இசைக்குழுவே கதையிலிருந்து உதிர்ந்தது. நாய் மட்டும் நிலைத்தது. 1969 செப்டம்பர் 13-இல் திரைக்கு வந்த அந்த நாய்தான் இன்று உலகக் குழந்தைகளெல்லாம் அறிந்த ஸ்கூபி-டூ! குழு போயிற்று, சின்னம் வாழ்ந்தது. இதைவிடத் தெளிவாகச் சின்னத்தின் வலிமையை யார் எடுத்துரைக்க முடியும்?

பாடியவர் யார்?

இனித்தான் கதையின் முக்கியமான பகுதி வருகிறது.

1969-இல் ‘தி ஆர்ச்சீஸ்’ குழுவின் பெயரில் ‘சுகர், சுகர்’ என்னும் பாட்டு வெளிவந்தது. அது செப்டம்பர் 20 தொடங்கி நான்கு வாரங்கள் அமெரிக்கப் ‘பில்போர்டு’ பட்டியலில் முதலிடத்தில் நின்றது. இங்கிலாந்தில் எட்டு வாரங்கள் முதலிடம். அவ்வாண்டின் தலைசிறந்த விற்பனைப் பாட்டு என்று ‘பில்போர்டு’ ஆண்டுப் பட்டியலே கூறிற்று. பீட்டில்ஸ் முதலிய மாபெரும் குழுக்கள் களத்தில் இருந்த ஆண்டில், மூச்சுவிடாத ஐந்து கார்ட்டூன் பாத்திரங்களும் ஒரு நாயும் முதற்பரிசைத் தட்டிச் சென்றனர்!

ஆனால் கார்ட்டூனுக்குத் தொண்டை ஏது? பாடியவர் ரான் டான்டே என்னும் இளைஞர். பாட்டை எழுதியவர்கள் ஜெஃப் பாரியும் ஆண்டி கிம்மும். பெண்குரல் கொடுத்தவர் டோனி வைன். கூலிக்கு வாசிக்கும் ஒலிப்பதிவுக் கூடக் கலைஞர்கள் வாத்தியம் இசைத்தனர். இசைத்தட்டில் குழுவின் பெயர் ‘தி ஆர்ச்சீஸ்’. அதே ஆண்டில் ‘தி கஃப் லிங்க்ஸ்’ என்னும் மற்றொரு பெயரில் வந்து முதல் பத்துக்குள் நுழைந்த ‘டிரேசி’ என்னும் பாட்டையும் பாடியவர் இதே ரான் டான்டே. இரண்டு பாட்டுகள் வானொலியில் முழங்குகின்றன. இரண்டும் ஒருவர் குரல். இரண்டிலும் அவர் பெயர் இல்லை.

இது தற்செயலாக நேர்ந்ததா? இதன் பின்னணியை அறியவேண்டும். ஆர்ச்சீஸ் இசைக்குப் பொறுப்பாளர் டான் கிர்ஷ்னர். அவர் அதற்கு முன்பு ‘தி மங்கீஸ்’ என்னும் குழுவின் இசைக்குப் பொறுப்பாக இருந்தவர். 1966-இல் தொலைக்காட்சித் தொடருக்காக நான்கு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய குழு அது. அவர்களுடைய முதல் தட்டுகளில் வாத்தியம் வாசித்தவர்கள் பெரும்பாலும் வெளிக் கலைஞர்களே. “எங்கள் தட்டில் நாங்களே வாசிப்போம்” என்று அந்த நால்வரும் போராடினர். 1967-இன் தொடக்கத்தில் கிர்ஷ்னர் பதவி இழந்தார்.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது கார்ட்டூன் குழு. ஓவியப் பாத்திரம் எதிர்த்துப் பேசாது, உரிமை கேட்காது. அந்தக் குழுவின் முன்னே வாலாட்டும் ஒரு நாயும் இருந்துவிட்டால், “உண்மையில் பாடுவது யார்?” என்று கேட்கவே எவருக்கும் தோன்றாது. நாயின் நான்காவது வேலை இதுதான் என்று நான் கருதுகிறேன். அதற்குத் தெரியாமலே அதன் முதுகுக்குப் பின்னால் மனிதர்கள் மறைந்தார்கள்.

நம் நாட்டிலும் இப்படித்தான்

அமெரிக்காவைக் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் வீடுகளில் கிராமபோன் பாடிய காலத்தில் இசைத்தட்டின் நடுவே ஒரு நாய் அமர்ந்திருக்கும். ‘நாய் மார்க்’ தட்டு என்றே மக்கள் சொல்வர். நிப்பர் என்னும் அந்த உண்மையான நாய் 1895-இல் இறந்தது. அதன்பின் ஃபிரான்சிஸ் பாரோ என்னும் ஆங்கிலேய ஓவியர் அதை நினைவிலிருந்து வரைந்தார். முதலில் உருளைப் பதிவுக் கருவியின் முன்னே அமர்ந்திருந்த நாயை, 1899-இல் கிராமபோன் கம்பெனிக்கு விற்றபோது கிராமபோனுக்கு முன்னே அமரவைத்தார். கல்கத்தாவின் டம்டம் தொழிற்சாலையில் அச்சான தட்டுகளின் வழியே அந்த நாய் தமிழ்நாட்டுப் பட்டிதொட்டியெல்லாம் வந்து சேர்ந்தது. நாயை எல்லோரும் அறிவர், பாடியவரையோ?

1949-இல் வெளிவந்த ‘மஹல்’ என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். ஆனால் முதலில் வந்த தட்டில் பாடகியின் பெயராக அச்சானது ‘காமினி’. அது அப்படத்துக் கதாநாயகியின் பாத்திரப் பெயர்! கதையில் வரும் பெண்ணே பாடினாள் என்று பதிவு. யார் பாடியது என்று நேயர்கள் வானொலிக்குக் கடிதம் எழுதிக் குவித்த பிறகே உண்மைப் பெயர் ஊரறிய வந்தது. ஆர்ச்சீஸுக்கு இருபது ஆண்டுகள் முன்னரே நம் நாட்டில் நடந்த கதை இது.

தமிழ்ப் படவுலகிலும் இதற்கு இணை உண்டு. 1945-இன் ‘ஸ்ரீ வள்ளி’யில் நடித்தவர் குமாரி ருக்மணி, படத்தைத் தயாரித்தவர்கள் பின்னர் பி.ஏ. பெரியநாயகியின் குரலில் பாடல்களைப் பதிந்து அவரது வாயசைப்புக்குப் பொருத்தினர். ‘பின்னணி’ என்னும் சொல்லே பாடுபவரைப் பின்னால் நிறுத்துகிறது. அந்தப் பின்னணியிலிருந்து பெயர்ப் பட்டியலின் முன்வரிசைக்கு வர நம் பாடகர்கள் நெடுந்தூரம் நடந்திருக்கிறார்கள்.

ஆர்ச்சியும் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தான். சோயா அக்தர் இயக்கி 2023 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த ‘தி ஆர்ச்சீஸ்’ இந்திப் படம், ரிவர்டேலை 1964-ஆம் ஆண்டின் ஓர் இந்திய மலையூராக மாற்றியது. பாத்திரங்கள் ஆங்கிலோ இந்தியர்கள். படப்பிடிப்பின் ஒரு பகுதி நம் ஊட்டியில் நடந்தது. ஊரின் பூங்காவைக் காப்பாற்றப் போராடுவதே அதன் கதை. இராயபுரத்திலும் பெரம்பூரிலும் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களை அறிந்த நமக்கு, அந்தக் கற்பனை ஊர் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால், அச்சமூகத்துக்கு மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் இருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியில் முடிவுக்கு வந்துவிட்டன. கதையில் ஒரு சமூகம் ஒளிர்வதும் நடைமுறையில் அதன் குரல் குறைவதும் ஒரே வேளையில் நடக்கக்கூடும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நம் பகுதியின் பாட்டு

வட சென்னையின் பாட்டு கானா. இறந்தவர் வீட்டில் இரவு முழுதும் விழித்திருந்து, டோலக்கிலும் தகர டப்பாவிலும் தாளம் தட்டிப் பாடிப் பாடி வளர்ந்தது. அதில் எத்தனை பாட்டுகளுக்கு இயற்றியவர் பெயர் நமக்குத் தெரியும்? வாய்வழி வந்த பாட்டுக்குப் பெயர் இல்லாமற்போவது இயல்பே என்று சிலர் கூறலாம். ஆனால், பெயரில்லாத பாட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? உழைத்தவன் ஒருவன், உரிமை கொண்டாடுபவன் வேறொருவன் என்னும் நிலை அங்கேதான் தொடங்குகிறது.

இந்நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. நம் பகுதியிலிருந்து எழுந்த கானா பாலா, 2012-இன் ‘அட்டகத்தி’ படத்தின் வழியே தம் பெயரோடு தமிழகமெங்கும் அறிமுகமானார். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அக்குழுவில் கானாவும் பறையும் ராக் இசையின் கிட்டாரும் ஒன்றாயின. பத்தொன்பது கலைஞர்கள் மேடையில் நின்றனர். அவர்களுள் ஒருவரான இராயபுரத்து இசைவாணியின் பெயர் 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றது. அக்குழுவை உலகம் அறிந்துகொள்ள நாயோ பூனையோ யானையோ தேவைப்படவில்லை. அவர்களுடைய முகங்களே சின்னம், பெயர்களே கொடி.

முடிவுரை

அப்படியானால் விலங்குச் சின்னமே வேண்டாம் என்பதா என் கருத்து? இல்லை, நண்பர்களே! ஹாட் டாகை எனக்குப் பிடிக்கும். பூம்பூம் மாட்டைக் கண்டால் இன்றும் நின்று பார்ப்பேன். ‘பேசின் பாபு’வையும் இந்த ஆண்டு மேடைக்கு அழைப்போம். சின்னம் சிரிக்க வைக்கிறது. சண்டைக்காரர்களைச் சேர்த்து வைக்கிறது. வாசிக்கத் தெரியாதவனையும் குழுவில் ஒருவனாக்குகிறது. இவையெல்லாம் நல்ல வேலைகளே. மனிதனை மறைக்கும் அந்த நான்காவது வேலையை மட்டும் அதற்குக் கொடுக்காமல் இருப்போம்.

அதற்கு வழி எளிது. இந்த ஆண்டுச் சுவரொட்டியில் யானையின் படத்தைப் போடும் முன், பாடுபவர் யார், பறை யார், சட்டி யார், டோலக் யார் என்று எழுதிவிடுவோம். மைக் கட்டுபவர் பெயரையும் சேர்த்துக்கொள்வோம். இடம் போதாவிட்டால் யானையைக் கொஞ்சம் சிறிதாக வரையலாம். அது கோபித்துக்கொள்ளாது.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் சட்டி வாசிக்கும் நண்பரிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்த சுகர் பாட்டு பாடினாரே, அவர் பேரு இன்னா சொன்ன?”

ரான் டான்டே என்றேன். அவர் அந்தப் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தார். அதற்குள் எங்கள் வண்டி வந்துவிட்டது.